மரணத்தை அறிவிப்பது யாருக்காக?

இதயம் துடிக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது. ஆனாலும் அவர் இறந்துவிட்டார் என்கிறது மருத்துவம். சட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நடுவில் தவிப்பது குடும்பம்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞன். ஐ.சி.யூ.வில் இன்று மூன்றாம் நாள். வென்டிலேட்டர் காற்றை அழுத்தும்போதெல்லாம் மார்பு உயர்ந்து தாழ்கிறது. மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடுகிறது. தொட்டால் கை சூடாக இருக்கிறது. மருத்துவர் குடும்பத்தாரை ஓரமாக அழைத்துப்போய், "மூளைச்சாவு ஆகிடுச்சும்மா" என்கிறார். தாய் திருப்பிக் கேட்பது எந்த ஊர் மருத்துவமனையிலும் ஒரே கேள்விதான். "மூச்சு வருதே சார், உடம்பு சுடுதே... எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?"

அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மூச்சு நின்றதா, நாடி அடங்கியதா என்று பார்த்துத்தான் தலைமுறை தலைமுறையாக மரணத்தை அறிந்துவந்திருக்கிறோம். மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்த்தார்கள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு அடையாளங்களையும் ஓர் இயந்திரம் காப்பாற்றி வைத்திருக்கும்போது, கண்ணெதிரே இருப்பதை நம்பாதே என்று ஒரு தாயிடம் சொல்கிறோம். அவருக்கு நேர்மையான விளக்கம் தர வேண்டிய கடமை நமக்கு உண்டு.

அந்த விளக்கத்தோடு விஷயம் முடிவதில்லை. உறுப்பு தானத்துக்குக் குடும்பம் சம்மதித்தால், அந்த இளைஞன் சட்டப்படி இறந்தவன். மறுத்தால்? பெரும்பாலும் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், மருந்து ஏறிக்கொண்டே இருக்கும், பில்லும் ஏறும். இதயம் தானாக நின்ற பிறகே மரணச் சான்றிதழ். உடலில் எந்த மாற்றமும் இல்லை. இறந்தவரா இல்லையா என்பது மட்டும் ஒரு கையெழுத்தால் மாறுகிறது. மரணத்தை எப்போது, எப்படி, யாருக்காக அறிவிக்கிறோம் என்பதை நாம் இன்னும் தெளிவாக யோசித்து முடிக்கவில்லை.

பழைய பயம்

மரணம் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. இதயம் நின்று ரத்த ஓட்டம் தடைபட்டால் சில நிமிடங்களிலேயே மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்கும். கண்ணின் கருவிழி மணிக்கணக்கில் தாங்கும். அதனால்தான் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் தானம் செய்யலாம் என்கிறார்கள். தோல் அதைவிடவும் தாக்குப்பிடிக்கும். இந்த நீண்ட வழியில் எந்த இடத்தில் கோடு கிழித்து "இனி இவர் இல்லை" என்று சொல்வது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கோடு கிழிக்காமலும் இருக்க முடியாது. ஈமச்சடங்கு, காப்பீடு, வாரிசுரிமை, கொலை வழக்கு எல்லாம் அதைச் சார்ந்திருக்கின்றன. ஒரே விபத்தில் அப்பாவும் மகனும் இறந்து, யார் முதலில் போனார் என்று தெரியாவிட்டால், வயதில் இளையவரே பிந்தி இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. சில நிமிட வித்தியாசத்தில் சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடலாம் என்பது அந்தப் பிரிவை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோடு தப்பான இடத்தில் விழுந்துவிடுமோ என்ற பயமும் பழையதுதான். 1740இல் பாரிஸில் உடற்கூறியல் அறிஞர் வின்ஸ்லோ, மரணத்தின் அடையாளங்கள் எதையும் நம்ப முடியாது, உடல் அழுகத் தொடங்குவது ஒன்றே உறுதியான சாட்சி என்று வாதிட்டார். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற அச்சம் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஜெர்மனியின் பல நகரங்களில், உடல் அழுகும்வரை கிடத்திவைத்துக் கவனிப்பதற்கென்றே சவக் காத்திருப்பு மண்டபங்கள் கட்டினார்கள். 1816இல் லேனக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். 1840களில் இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் பூஷூ, அதை நெஞ்சில் வைத்துக் கேட்டு இதய ஒலி இல்லை என்று உறுதி செய்தால் போதும் என்று நிறுவினார். மக்களின் பயம் மெல்ல மெல்லக் குறைந்தது.

"சுடுகாட்டுக்குப் போகும் வழியில் எழுந்து உட்கார்ந்தார்" என்ற செய்தி இன்றும் அவ்வப்போது வருகிறது. அநேகமாக அவை அவசரப் பரிசோதனையின் விளைவுகள். உடல் சில்லிட்டு, நாடி மிக மெலிந்திருக்கும்போது மணிக்கட்டை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொன்னால் தவறு நேரத்தான் செய்யும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சியைக் கைவிட்ட சில நிமிடங்களுக்குப் பின் இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிய அபூர்வ நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இதயம் நின்ற பின் பிரிட்டனில் ஐந்து நிமிடம் கவனித்து மரணத்தை உறுதி செய்கிறார்கள். இத்தாலியில் உறுப்பு தானத்துக்கு முன் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இதயம் நின்றால் மரணம் என்ற எளிய விதியைக்கூட நாடுகள் ஒரே மாதிரி அளக்கவில்லை.

இயந்திரம் மாற்றிய கணக்கு

1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் அடுத்தடுத்து வந்து விழுந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்று கொடுக்கலாம் என்று காட்டினார். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைவைத்துக் கட்டிலருகே உட்கார்ந்து இரவு பகலாகப் பையை அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யூ. பிறந்தது அங்கேதான். மாணவர்களின் கைகள் செய்த வேலையைப் பின்னர் வென்டிலேட்டர் எடுத்துக்கொண்டது.

அதுவரை மூளையும் மூச்சும் இதயமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மூளை செத்தால் மூச்சு நிற்கும், மூச்சு நின்றால் இதயம் நிற்கும். வென்டிலேட்டர் இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டியது. நுரையீரலுக்குக் காற்று கிடைத்தால், மூளையின் கட்டளை இல்லாமலேயே இதயம் தன் சொந்த மின்னோட்டத்தில் துடிக்கும். 1959இல் மொல்லாரே, கூலோன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட 23 நோயாளிகளை விவரித்தார்கள். கோமாவையும் கடந்த நிலை என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மயக்க மருந்து நிபுணர்கள் இந்தச் சிக்கலைப் போப் பன்னிரண்டாம் பயஸிடம் கொண்டுபோயிருந்தார்கள். நம்பிக்கையற்ற நிலையில் அசாதாரண சிகிச்சையைத் தொடர வேண்டிய கட்டாயமில்லை என்றும், மரணத்தின் தருணத்தை வரையறுப்பது மருத்துவர்களின் வேலை என்றும் அவர் பதில் சொன்னார்.

1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். இரண்டே மாதத்தில், 1968 பிப்ரவரியில், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் அதை இந்தியாவில் முயன்றார். இரண்டு இடத்திலும் நோயாளி நெடுநாள் பிழைக்கவில்லை. ஆனால் உலகம் முழுக்க ஒரு கேள்வி எழுந்துவிட்டது: இதயத்தைக் கொடுத்தவர் எப்போது இறந்தார்?

1968 ஆகஸ்டில் ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்டு குழு, மீள முடியாத கோமாவை மரணத்தின் புதிய அளவுகோலாக ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது. மீளவே முடியாதவர்களால் குடும்பங்களும் மருத்துவமனைகளும் சுமக்கும் பாரம் ஒன்று. பழைய அளவுகோல்களால் உறுப்புகளைப் பெறுவதில் எழும் சர்ச்சை மற்றொன்று. "உறுப்புக்காகவே மரணத்தின் இலக்கணத்தை மாற்றிவிட்டார்கள்" என்ற சந்தேகம் அந்த இரண்டாவது காரணத்திலிருந்துதான் முளைத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அது தீரவில்லை.

கட்டிலருகே நடப்பது என்ன?

மூளையின் அடிப்பகுதியில், தண்டுவடத்தோடு சேருமிடத்தில் இருக்கிறது மூளைத்தண்டு. கட்டைவிரல் அளவுதான். மூச்சு விடும் ஆணை அங்குள்ள முகுளத்திலிருந்து வருகிறது. விழிப்போடு இருக்கத் தேவையான தூண்டுதலும் மூளைத்தண்டு வழியாகவே பெருமூளைக்குப் போகிறது. அது முழுமையாக, மீளவே முடியாதபடி செயலிழந்தால் அந்த மனிதர் இனி ஒருபோதும் தானாக மூச்சு விடமாட்டார், அவருக்கு ஒருபோதும் நினைவு திரும்பாது. மூளைச்சாவு என்ற முடிவின் அடித்தளம் இதுதான்.

சோதனைக்கு முன்பே நிறைவேற வேண்டிய நிபந்தனைகள் உண்டு. மூளை சிதைந்ததற்கான காரணம் ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். உடல் வெப்பமும் ரத்த அழுத்தமும் தேவையான அளவில் இருக்க வேண்டும். தூக்க மருந்தோ தசையைத் தளர்த்தும் மருந்தோ உடலில் மிச்சமிருக்கக் கூடாது. சர்க்கரை, உப்புச் சத்துகளில் பெரிய கோளாறு இருக்கக் கூடாது.

இந்த நிபந்தனைகளின் அருமை நம்மூர் மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். காரணம், கட்டுவிரியன். தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடித்துவிட்டுப் போகும். கடித்த இடத்தில் வலியே தெரியாமல் போகலாம். விடியும்போது வயிறு வலிக்கும், இமை தொங்கும், பிறகு ஒவ்வொரு தசையாக அடங்கும். நஞ்சு நரம்பும் தசையும் சேருமிடத்தை முடக்கிவிடுவதால் கண்பாவை விரிந்து நின்றுவிடும். கை கால் அசையாது, மூச்சு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூளைச்சாவு போலவே தோன்றும். மூளையோ நன்றாகவே இருக்கும். சுற்றி நின்று பேசுவது அவருக்குக் கேட்கவும் கூடும். நஞ்சு முறிவு மருந்தும் சில நாள் வென்டிலேட்டரும் கொடுத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். காரணம் தெரியாமல் மூளைச்சாவு சோதனையைத் தொடங்கவே கூடாது என்ற விதி எத்தனை உயிர்ப்பான விதி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே சோதனை. கண்ணில் டார்ச் அடித்துக் கண்பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டு இமை மூடுகிறதா என்று பார்ப்பார்கள். காதுக்குள் பனிக்கட்டி நீரைச் செலுத்தி விழி அசைகிறதா என்றும், புருவ எலும்பை அழுத்தி முகம் சுளிக்கிறதா என்றும், மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு இருமல் வருகிறதா என்றும் கவனிப்பார்கள். இவற்றில் ஒன்றே ஒன்றுக்குப் பதில் கிடைத்தாலும் அது மூளைச்சாவு ஆகாது.

கடைசியாக மூச்சுச் சோதனை. முதலில் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். ஆக்சிஜன் மட்டும் ஒரு குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும். எட்டிலிருந்து பத்து நிமிடம் மருத்துவர்கள் மார்பையும் வயிற்றையும் பார்த்தபடி நிற்கிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. உயிருள்ள மூளைத்தண்டுக்கு மூச்சை இழுக்கச் சொல்லும் மிக வலுவான தூண்டுதல் அதுதான். ரத்தத்தில் அதன் அழுத்தம் 60 மில்லிமீட்டரை எட்டியும் ஒரு சிறு மூச்சுகூட வரவில்லை என்றால், மூச்சுக்கு ஆணையிட அங்கே எதுவும் இல்லை என்று பொருள். இந்தியச் சட்டப்படி இந்தச் சோதனைகள் அனைத்தையும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறையும் செய்ய வேண்டும்.

சில சமயம் மூளைச்சாவு அடைந்தவரின் கைகள் திடீரென உயர்ந்து மார்பின் மேல் வந்து சேரும். பார்க்கும் உறவினர் அலறிவிடுவார். தண்டுவடம் மட்டும் உயிரோடு இருந்து செய்யும் அனிச்சைச் செயல் அது. 1984லேயே மருத்துவ இலக்கியத்தில் விவரிக்கப்பட்ட ஒன்று. இதை முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லாவிட்டால், பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

ஒரே உடல், வேறு வேறு சட்டம்

அறிவியல் இவ்வளவு கறாராக இருந்தும் உலகம் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பிரிட்டனும் இந்தியாவும் மூளைத்தண்டின் மரணத்தை அளவுகோலாகக் கொள்கின்றன. அமெரிக்காவின் 1981 மாதிரிச் சட்டம், மூளைத்தண்டு உட்பட முழு மூளையின் எல்லாச் செயல்பாடுகளும் நின்றிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அங்கே மூளைச்சாவு அறிவிக்கப்பட்டவர்களில் சிலருக்கு ஹைபோதலாமஸ் ஹார்மோன் சுரக்கும் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது. அப்படியானால் "எல்லாச் செயல்பாடுகளும்" நின்றுவிட்டதாகச் சொல்லலாமா? சட்டத்தைத் திருத்த 2021இல் தொடங்கிய முயற்சி, கருத்து வேறுபாட்டால் 2023இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

2013 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் 13 வயதுச் சிறுமி ஜாஹி மெக்மத், அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட ரத்தப்போக்கில் மூளைச்சாவு அடைந்ததாக அறிவிக்கப்பட்டாள். தாய் ஏற்கவில்லை. மத நம்பிக்கை காரணமாக மூளைச்சாவை மறுக்க அனுமதிக்கும் சட்டம் நியூ ஜெர்சி மாநிலத்தில் உண்டு. மகளை அங்கே கொண்டுபோனார். வென்டிலேட்டரில் சிறுமியின் உடல் வளர்ந்தது, பருவமெய்தியது. 2018 ஜூனில்தான் இதயம் நின்றது. ஒரு மாநிலத்தில் இறந்தவள், இன்னொரு மாநிலத்தில் நாலரை ஆண்டுகள் உயிரோடு இருந்தாள். நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷியூமன் போன்றவர்கள், உடலை ஒருங்கிணைக்கும் வேலை மூளைக்கு மட்டும் சொந்தமல்ல என்று வாதிடுவதற்கு இது போன்ற நிகழ்வுகளைக் காட்டுகிறார்கள். 2025இல் ஜார்ஜியா மாநிலத்தில் மூளைச்சாவு அடைந்த கர்ப்பிணி ஒருவரின் உடலை மாதக்கணக்கில் இயந்திரத்தில் வைத்திருந்து குழந்தையை எடுத்தார்கள். அது அவருடைய விருப்பமா என்று கேட்க அவர் இல்லை.

ஜப்பானின் கதை வேறொரு பாடம் சொல்கிறது. 1968இல் சப்போரோவில் நடந்த முதல் இதய மாற்று சிகிச்சையில், இதயம் கொடுத்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற சந்தேகம் எழுந்து வழக்காயிற்று. மக்களின் நம்பிக்கை உடைந்தது. மூளைச்சாவை ஏற்கும் உறுப்பு மாற்றுச் சட்டம் அங்கே வர 1997 வரை ஆயிற்று. ஒரே ஒரு அவசரத்துக்கு ஒரு சமூகம் கொடுத்த விலை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

எது மரணம் இல்லை

மூளைச்சாவோடு கோமாவையும் நினைவற்ற நிலையையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் ஊடகங்களும் செய்யும் பெரிய தவறு. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு 2015 மே மாதம் வரை 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். அவர் தானாக மூச்சு விட்டார். கண் திறந்தார். மூளைத்தண்டு உயிரோடு இருந்தது. அவருக்கு மூளைச்சாவு ஏற்படவே இல்லை.

நினைவற்ற நிலையில் இருப்பவர்கள் பற்றி நாம் இன்னும் பணிவோடு பேச வேண்டியிருக்கிறது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், எதற்கும் அசையாத ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே அவருடைய மூளையும் ஸ்கேனில் பதில் சொன்னது. 2024இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சொன்னதற்கு அசையாத நோயாளிகளில் நான்கில் ஒருவரிடம் இத்தகைய மறைந்த உணர்வு தெரிந்தது. இவர்கள் யாரும் மூளைச்சாவு அடைந்தவர்கள் இல்லை. அந்த எல்லையை மங்கவிடாமல் காப்பதே இவர்களுக்கு நாம் தரும் பாதுகாப்பு.

பாதியில் நிற்கும் சட்டம்

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் ஏழைகளின் சிறுநீரகம் விலைபோன ஊராகச் சென்னை வில்லிவாக்கம் பெயர் கெட்டுக் கிடந்தது. நாடு முழுக்க நடந்த அந்த வியாபாரத்தைத் தடுக்க வந்ததுதான் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். மூளைத்தண்டு மரணத்தை இந்தியா முதன்முதலில் ஏற்றது அந்தச் சட்டத்துக்குள்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் வெற்றிகரமான இதய மாற்று சிகிச்சையைச் செய்தார்.

சட்டம் கட்டிய பாதுகாப்பு வலுவானது. மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அரசு ஏற்ற பட்டியலிலிருந்து ஒரு சிறப்பு மருத்துவர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பு அறுவை நிபுணர், சிகிச்சை தரும் மருத்துவர் என நால்வர் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவினருக்கு இதில் இடமில்லை. நரம்பியல் மருத்துவர் கிடைக்காத ஊர்களுக்காக 2011 திருத்தம் மாற்று ஏற்பாடும் செய்தது.

குறை இந்த நடைமுறையில் இல்லை. அந்த வரையறை எந்த வீட்டில் குடியிருக்கிறது என்பதில் இருக்கிறது. மூளைத்தண்டு மரணம் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள் மட்டும் வாழ்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவதே மரணம் என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. துடிக்கும் இதயம் உயிரின் அடையாளமா, இல்லையா? அங்கே பதில் இல்லை. அதனால் தானத்துக்கு மறுத்த குடும்பத்தின் முன்னால் மருத்துவர் கை கட்டி நிற்கிறார். வென்டிலேட்டரை நிறுத்தினால் நாளைக்குக் கொலைப் பழி வருமோ என்ற பயம் அவருக்கு. நகையை அடகு வைத்துப் பில் கட்டுவதா வேண்டாமா என்ற கொடுமையான கணக்கு குடும்பத்துக்கு. பிழைக்கக் கூடிய இன்னொரு நோயாளி, காலியாகாத அந்தக் கட்டிலுக்காக வாசலில் காத்திருக்கிறார்.

கேரள அரசு 2020இல், உறுப்பு தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைச்சாவைச் சான்றளிப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வரவேற்க வேண்டிய துணிவு அது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில், கண்ணியமாக இறக்கும் உரிமையையும் முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. 2024இல் மத்திய சுகாதாரத் துறை, உயிர்காப்பு சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கான வரைவு வழிகாட்டுதலைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. அதில் மூளைத்தண்டு மரணமும் ஒரு சூழலாக இடம்பெற்றிருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனாலும் அங்கே ஒரு முரண் தங்கிவிடுகிறது. ஒருவர் இறந்துவிட்டார் என்றால், அவரிடமிருந்து விலக்குவதற்கு உயிர்காப்பு சிகிச்சை என்று என்ன இருக்கிறது? இறந்தவரை இறக்கும் நிலையில் உள்ளவரோடு ஒரே பட்டியலில் சேர்த்தால், அவர் இறக்கவில்லை என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

நேரம் பற்றிய குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டனில் முதல் சோதனை முடிந்த நேரமே மரண நேரம். இரண்டாவது சோதனை அதை உறுதிப்படுத்துகிறது. நம் நடைமுறையில் இரண்டாம் சோதனை முடிந்த நேரம்தான் சான்றிதழில் ஏறுகிறது. இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் எந்த நேரமானாலும் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தானம் செய்தவருக்கு ஒரு மரண நேரம், செய்யாதவருக்கு இரண்டு நாள் கழித்து இன்னொன்று என்று இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தமிழ்நாட்டின் பெருமையும் பொறுப்பும்

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் உறுப்பு தானத்துக்கு முன்வந்தார்கள். காவல்துறை சாலையை ஒதுக்கித்தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போன இதயம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மூளைச்சாவு என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். 'சென்னையில் ஒரு நாள்' படம் அதை இன்னும் தூரம் கொண்டுபோனது. 2008இலேயே தொடங்கிய மாநில உறுப்பு மாற்றுத் திட்டம் நாட்டுக்கே முன்மாதிரி ஆனது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். மாலையோடு மாவட்ட ஆட்சியர் ஓர் ஏழை வீட்டுத் திண்ணைக்கு வருவது எளிய விஷயமில்லை. அந்த மரியாதை தகுந்தவர்களுக்குத் தகுந்தபடி போய்ச் சேருகிறது.

இந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால், மரணமும் தானமும் இரண்டு தனி உரையாடல்களாக நடக்க வேண்டும். தானத்தைப் பற்றிக் குடும்பத்திடம் கேட்பதை 2011 திருத்தம் மருத்துவர்களின் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் "இறந்துவிட்டார்" என்ற சொல்லும் "உறுப்பு தருவீர்களா" என்ற கேள்வியும் ஒரே மூச்சில் வந்தால், முதலாவதன் மீதே சந்தேகம் விழும். முதலில் மரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு நேரம் தர வேண்டும். ஊரிலிருந்து வரும் அண்ணனுக்கும் மாமனுக்கும் மறுபடி பொறுமையாக விளக்க வேண்டும். விரும்பினால், மூச்சுச் சோதனையின்போது ஒருவரைக் கட்டிலருகே நிற்கவைக்க வேண்டும். வென்டிலேட்டரைக் கழற்றிய பிறகு மார்பு அசையாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

மறுக்கும் குடும்பத்தையும் குற்றவாளிபோல நடத்தக் கூடாது. உடல் சிதையாமல் போக வேண்டும் என்பது பலரின் ஆழமான நம்பிக்கை. தானம் என்பது மறுக்க முடிந்தால்தான் தானம். மத அறிஞர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி, மூளையின் முழுமையான, மீள முடியாத செயலிழப்பை மரணமாக ஏற்றது. மரியாதையோடு விவாதித்தால் எந்த மரபும் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

சோதனைகளின் முடிவை எழுத்தில், தமிழில், குடும்பத்தின் கையில் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் வேறு மருத்துவமனையின் நிபுணரை அழைக்கும் உரிமை வேண்டும். அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் ஒரே படிவம், ஒரே கண்டிப்பு இருக்க வேண்டும். மூளைச்சாவு உறுதியான பிறகு வென்டிலேட்டருக்குக் கட்டணம் வாங்குவதை அரசு தடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை ஒன்று முப்பது ஆண்டுகளாக நிலுவையில் கிடக்கிறது. மூளைத்தண்டு மரணத்தின் வரையறையை உறுப்பு மாற்றுச் சட்டத்திலிருந்து எடுத்து, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும். நால்வர் குழுவும் இருமுறை சோதனையும் ஆறு மணி நேர இடைவெளியும் அப்படியே தொடரட்டும். குடும்பம் தானத்துக்குச் சம்மதித்தாலும் மறுத்தாலும் சான்றிதழ் ஒன்றாகவே இருக்கட்டும். மறுத்தவர்கள் தங்கள் பிள்ளையை முறைப்படி வீட்டுக்கு எடுத்துப்போக, இயந்திரத்தை எப்போது, எப்படி நிறுத்துவது என்பதையும் சட்டமே சொல்லட்டும்.

இறந்தவருக்கு உறுப்புகள் இருக்கின்றன என்பதால் மட்டும் அவருடைய மரணம் முக்கியமாகிவிடுவதில்லை. அவர் ஒரு மனிதர், அவருக்கு ஒரு முடிவு நேர்ந்திருக்கிறது, அதை உரியவர்களிடம் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதே மரணத்தை அறிவிப்பதற்குப் போதுமான காரணம். மூளைச்சாவு இறந்தவருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் அறிவிக்கப்படுகிறது என்று மக்கள் நம்பத் தொடங்கினால், தானம் செய்யும் கைகளும் தயக்கமின்றி நீளும். சட்டம் முதலில் அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெறட்டும்.